ஷாட்கன் வாங்கியாயிற்று, இனி எதைப் பழகுவது?

கேள்வி: வணக்கம் சார். டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் இருக்கிறோம். கிரீன் கார்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. பின் தெருவில் ஒரு வீட்டில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கதவை உடைத்து உள்ளே புகுந்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் ஒரு மோஸ்பெர்க் 590 பம்ப் ஷாட்கன் (முன்பிடியை இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக, அதாவது ஷெல்லாக, ஏற்றுகிற நெடுந்துப்பாக்கி) வாங்கினேன். சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்குப் போய் ஒரு பெட்டி தோட்டா சுட்டதில் தோள் கன்றிப்போனது. மனைவி ஒரே ஒரு தடவை சுட்டுவிட்டு இனிமேல் தொடவே மாட்டேன் என்கிறாள். கடைக்காரர், “ஷாட்கனுக்குக் குறி பார்க்கவே தேவையில்லை, பம்ப் இழுக்கிற சத்தம் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான்” என்றார். நிஜ நிலைமை மாதிரியே வைத்துப் பயிற்சி தருகிற வகுப்புகள் இருக்கின்றனவாமே, அதற்கெல்லாம் போக வேண்டுமா? மாதம் ஒருமுறை ரேஞ்சில் சுட்டால் போதாதா? வீட்டில் 5 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: வகுப்புக்குப் போங்கள். மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள், அவர் சுடாவிட்டாலும் பரவாயில்லை. ராத்திரி ஏதாவது நடந்தால் அந்த வீட்டில் அவரும்தான் இருக்கப்போகிறார்.

மாதம் ஒருமுறை ரேஞ்ச் ஏன் போதாது என்றால், அங்கே நல்ல வெளிச்சம், தரையில் போட்ட கோட்டுக்குப் பின்னால் நேராக நிற்கிறீர்கள், எதிரே தொங்கும் காகிதம் அசையாது, யாரும் கத்துவதில்லை, அடுத்து என்ன நடக்கும் என்பதும் உங்களுக்கே தெரியும். பல உள்ளரங்க ரேஞ்சுகளில், பெரிய ஈயக் குண்டுகள் நிறைந்த ஷெல்லான பக்‌ஷாட் சுட விடமாட்டார்கள், வேகமாகச் சுட விடமாட்டார்கள், நின்ற இடத்தை விட்டு நகரவும் விடமாட்டார்கள். அதெல்லாம் அவர்கள் பாதுகாப்புக்காக வைத்திருக்கிற நியாயமான விதிகள்தான். ஆனால் அங்கே கையில் படிகிற பழக்கத்துக்கும், அரைத்தூக்கத்தில் எழுந்து இருட்டில் நிற்கும்போது தேவைப்படுகிற பழக்கத்துக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு.

நிஜ நிலைமைப் பயிற்சி என்றதும் பலரும் முட்டிக்கவசம் கட்டிக்கொண்டு உருண்டு புரண்டு சுடுவதைத்தான் கற்பனை செய்கிறார்கள். நான் வகுப்பில் முதல் மணி நேரத்திலேயே அந்த எண்ணத்தை எடுத்துவிடுவேன். துப்பாக்கியின் வேலையைக் கை தானாகவே செய்ய வேண்டும், அப்போதுதான் கண்ணும் மூளையும் “எதிரே நிற்பது யார்” என்று பார்க்க மிச்சமிருக்கும். இந்தப் பயிற்சியின் நோக்கமே அதுதான். கார் ஓட்டப் புதிதாகப் பழகுகிறவர் கியரைக் குனிந்து பார்க்கும்போது சாலையைப் பார்க்க மாட்டார். சேஃப்டி (விசைப் பூட்டு) எங்கே, ஷெல் இருக்கிறதா, பம்ப் முழுசாக வந்ததா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவரும் அப்படித்தான், எதிரே நிற்கிற ஆளைப் பார்க்கவே மாட்டார்.

பார்க்காமல் சுட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். இது ஷாட்கன் வழக்கு என்பதால் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. 2013 நவம்பர் 2ஆம் தேதி அதிகாலை, மிச்சிகனில் டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்பார்ன் ஹைட்ஸ். 19 வயதுப் பெண் ஒருத்தி, சில மணி நேரம் முன்பு காரை மோதி அடிபட்டு நிலைதடுமாறிப் போயிருந்தவள், முன்பின் தெரியாத ஒரு வீட்டின் கதவைப் படபடவென்று தட்டியிருக்கிறாள். உள்ளே தனியாக இருந்த 54 வயதுக்காரர் சத்தத்தில் பயந்துபோனார். செல்போனைத் தேடினேன், கிடைக்கவில்லை என்று பிற்பாடு சாட்சி சொன்னார். கையில் கிடைத்தது 12 கேஜ் (கேஜ் என்பது குழல் அகலத்தின் அளவு) மோஸ்பெர்க் ஷாட்கன். முன்கதவை அவரே திறந்து, பூட்டியிருந்த வலைக்கதவின் வழியாகச் சுட்டார், அந்தப் பெண் அங்கேயே இறந்துபோனாள். உள்ளே குண்டு இருந்ததே தெரியாது என்று முதலில் போலீசிடம் சொன்னவர், உயிருக்குப் பயந்துதான் சுட்டேன் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 2014இல் ஜூரி அவரைக் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னது, குறைந்தபட்சம் 17 வருடம் சிறை என்று தண்டனை வந்தது.

அந்த மனிதர் குறி தவறவில்லை என்பதைக் கவனியுங்கள். போன் எங்கே இருக்கும் என்று தெரியாதது, துப்பாக்கி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாதது, மூடியிருந்த கதவைத் தானே திறந்தது, தட்டுவது யார் என்று கேட்காதது, எல்லாமே சுடுவதற்கு முன்னால் நடந்தவை. நல்ல வகுப்பு என்பது இந்த முன்பகுதியைத்தான் உங்களைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும்.

இப்போது கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். குறி பார்க்க வேண்டாம் என்பது சுத்தப் பொய். வீட்டுக்குள் இருக்கிற தூரத்தில் பக்‌ஷாட் குண்டுகள் பெரிதாகப் பரவுவதே இல்லை, ஒரு அறையின் நீளத்துக்குள் சில அங்குலம்தான், சில வகை ஷெல்லில் எல்லாக் குண்டும் சேர்ந்து ஒரே ஓட்டை விழும். ஆக ரைஃபிளுக்குப் பார்ப்பது போலவே குறி பார்த்தாக வேண்டும். இன்னொரு விஷயம், வழக்கமான 00 பக்‌ஷாட் ஷெல் ஒன்றில் 9 குண்டு இருக்கும், ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டரைத் தாண்டிய ஈய உருண்டை. ஒன்பதுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. இங்கே வீட்டின் உள்சுவரெல்லாம் ஜிப்சம் பலகை, அதை இந்தக் குண்டுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் துளைத்துக்கொண்டு போகும், அந்தப் பக்கம் பிள்ளைகள் படுக்கிற அறையாக இருக்கலாம். அதற்காக பேர்ட்ஷாட் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். பறவைக்கு என்று செய்த பொடிக் குண்டு அது, உடம்பில் ஆழமாக இறங்காது, நிஜமாகவே ஆபத்தாக வருகிற ஆளை நிறுத்தும் என்று அதை நம்ப முடியாது. பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் முதல் வீட்டுப்பாடம் இது. உங்கள் வீட்டில் நேர்கோட்டில் இருக்கிற மிக நீளமான தூரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் படுக்கையறை வாசலிலிருந்து கூடத்தின் கடைசிச் சுவர் வரை இருக்கும். அதே தூரத்தில் வெளி ரேஞ்சில் ஒரு பெரிய காகிதத்தை மாட்டி, நீங்கள் வைத்திருக்கப்போகிற அதே ஷெல்லை ஒன்று மட்டும் சுட்டு, ஓட்டைகளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். அப்புறம் வேறு இரண்டு கம்பெனி ஷெல்லை இதேபோல் சுட்டுப் பாருங்கள். ஒரே துப்பாக்கியில் ஒன்று உள்ளங்கை அளவு விழும், இன்னொன்று சாப்பாட்டுத் தட்டு அளவு விழும், அதிலும் ஒரே ஒரு குண்டு மட்டும் கூட்டத்தை விட்டு விலகிப் போய் விழுந்திருக்கும். ஃபெடரல் கம்பெனியின் ஃப்ளைட்கன்ட்ரோல் என்ற 8 குண்டு ஷெல்லைப் பல பயிற்சியாளர்கள் சொல்வதற்குக் காரணம் அது கூட்டமாகப் போவதுதான், ஆனால் என் பேச்சை நம்ப வேண்டாம், உங்கள் குழலில் எது எப்படிப் போகிறது என்று காகிதத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பம்ப் சத்தத்தில் ஓடுவானா? சிலர் ஓடலாம். சிலர் ஓட மாட்டார்கள், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்துபோகும். சத்தத்தை நம்பி ஒரு திட்டம் போடக்கூடாது. இதே ரகத்தில் இன்னொரு யோசனையும் உண்டு, வானத்தைப் பார்த்து இரண்டு தடவை சுட்டால் போதும் என்பது. 2013இல் அப்போதைய துணை அதிபர் ஜோ பைடனே, வெளியே வந்து இரண்டு தடவை சுட்டால் போதும் என்று சொன்னார். அதே வருடம் வாஷிங்டன் மாநிலத்தில் வான்கூவர் ஊரில் ஒருவர் காரை உடைக்க வந்தவர்களை விரட்ட வானத்தைப் பார்த்துச் சுட்டார், வழக்கு அவர் மேல் பாய்ந்தது. மேலே போன குண்டு எங்கேயாவது கீழே வந்துதான் ஆக வேண்டும். எச்சரிக்கைச் சூடு என்ற பேச்சே வேண்டாம்.

தோள் கன்றிப்போனது பற்றி. இதில் உங்கள் மேல் பிழை இல்லை, மனைவி மேலும் இல்லை, துப்பாக்கி இரண்டு பேருக்குமே நீளம். தொழிற்சாலையிலிருந்து வருகிற, தோளில் வைக்கிற பின்கட்டை சுமார் 14 அங்குலம் இருக்கும், வாத்து வேட்டைக்குப் போகிற உயரமான ஆளை மனதில் வைத்துச் செய்தது. நம் ஆட்கள் பலருக்கு அது நீளமாக இருப்பதால் உடம்பைப் பின்னால் சாய்த்து, கட்டையைத் தோள்பட்டையின் ஓரத்தில், கை தொடங்குகிற இடத்தில் வைத்துவிடுகிறார்கள். உதை முழுவதும் அந்த ஓர எலும்பில் வந்து இறங்குகிறது. 12.5 அங்குலம் அளவுக்குக் குறைக்கிற கட்டையாக மாற்றுங்கள், மேக்புல் எஸ்ஜிஏ மாதிரி நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்ததாக இருந்தால் இருவருமே பயன்படுத்தலாம். நெஞ்சு இலக்கைப் பார்த்து நேராக, கட்டை கழுத்தெலும்புக்குக் கீழே கொஞ்சம் உள்வாங்கி, உடம்பின் எடை முன்காலில். முன்கை பம்பைப் பிடித்து முன்னால் தள்ள வேண்டும், அதே நேரம் பின்கை பிடியைத் தோளை நோக்கி இழுக்க வேண்டும், வில்லை வளைக்கிறபோது இரண்டு கையும் எதிரெதிராக வேலை செய்யுமே அந்த இழுவை. ராப் ஹாட் என்கிற பயிற்சியாளர் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்துப் பரவிய முறை இது. சரியாகச் செய்தால் முதல் பத்து ஷெல்லிலேயே வித்தியாசம் தெரியும். உதை குறைத்துச் செய்த பக்‌ஷாட்டும் கிடைக்கிறது, வீட்டுக்குள் இருக்கிற தூரத்துக்கு அது தாராளம். மனைவிக்கு இதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் 12ஐ விடக் குழல் சிறிதான 20 கேஜ் ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தி ஒருவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

பம்ப் துப்பாக்கியில் எல்லோரையும் கவிழ்ப்பது அரை இழுவைதான். நிதானமாகச் சுடும்போது யாருக்கும் வராது. நேரக்கணக்குக் கருவியைப் பீப் என்று அடிக்கவிட்டு, பக்கத்தில் ஒருவர் சத்தம் போட்டால் போதும், கை முக்கால்வாசி தூரம் வந்துவிட்டு முன்னால் ஓடிவிடும். காலி ஷெல் வெளியே விழாமல் வாயிலேயே மாட்டிக்கொள்ளும், அல்லது அடுத்தது மேலே ஏறாது. விசையை அழுத்தினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இதைவிட அதிகமாக நான் பார்ப்பது, சுட்டுவிட்டு அப்படியே உறைந்து நிற்பவர்களை. துப்பாக்கி தோளில், கண் இலக்கில், ஆனால் பம்ப் இழுக்கவே இல்லை. சுட்ட அதிர்விலேயே, கட்டை தோளை விட்டு இறங்காமல், கடைசி வரை இழுத்துக் கடைசி வரை தள்ளுவது என்பது நூற்றுக்கணக்கான தடவை செய்தால்தான் கையில் ஒட்டும்.

அதற்கு நிஜ ஷெல் அதிகம் தேவையில்லை. நிறம் வேறாக இருக்கிற, வெடிக்காத டம்மி ஷெல் சில வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பில், எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல், பயிற்சியாளர் நிஜ ஷெல்லையும் டம்மியையும் கலந்து போட்டுக் கொடுப்பார். டம்மி வருகிறபோது உதை இருக்காது, ஆனாலும் குழலின் நுனி சட்டென்று ஒரு சாண் கீழே போகும், கண் மூடும், தோள் முன்னால் குத்தும். உதைக்குப் பயந்து நீங்கள் முன்கூட்டியே செய்கிற அசைவு அது, மற்ற நேரமெல்லாம் வெடிச் சத்தத்தில் மறைந்துபோய்விடும். அப்படி ஒரு முறை தன் கண்ணாலேயே பார்த்துவிட்டால் ஆள் திருந்தத் தொடங்கிவிடுவார். கூடவே, ஷாட்கனில் ஷெல் சீக்கிரம் தீரும் என்பதால் ஒன்று சுட்டால் ஒன்று போடும் பழக்கம் வர வேண்டும், முற்றிலும் காலியானால் பக்கவாட்டுத் திறப்பு வழியாக ஒன்றை நேராக உள்ளே தள்ளி மூடுவது எப்படி என்பதும் இலக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல் வர வேண்டும்.

வீட்டில் பழகும்போது ஷெல் இருக்கிற அறையும் துப்பாக்கி இருக்கிற அறையும் வேறு வேறாக இருக்கட்டும். சேம்பரையும் (சுடுகிற ஷெல் உட்காருகிற இடம்) மேகசின் குழாயையும் (மிச்ச ஷெல் அடுக்கியிருக்கிற குழாய்) கண்ணால் பார்த்து, விரலை விட்டுத் தொட்டுப் பார்த்து, அதை மறுபடியும் ஒரு தடவை. இதில் சலிப்புப் பார்க்காதீர்கள்.

அப்படிக் காலியான துப்பாக்கியோடு, பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில், மனைவியும் நீங்களும் வீட்டை ஒரு சுற்று நடந்து பாருங்கள். கதவின் குமிழைத் திருகுங்கள். போனை எடுத்து 911 அழுத்துவது போல் செய்யுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் எடைக்கு ஒரு அரிசி மூட்டையை இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள். ஷாட்கன் இரண்டு கை ஆயுதம், இதில் எதையுமே அதோடு சேர்த்துச் செய்ய முடியாது என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். அதனால்தான் ஷாட்கனோடு வீடு முழுக்கத் தேடிக்கொண்டு போகாதீர்கள் என்கிறேன். வீட்டைத் தேடுவது போலீஸ்காரர்களே தனியாகச் செய்ய விரும்பாத வேலை. உங்கள் திட்டம் வேறு மாதிரி இருக்க வேண்டும்: ஒருவர் பிள்ளைகளை ஒரே அறைக்குக் கொண்டுவருவது, இன்னொருவர் அந்த அறையின் வாசலையோ மாடிப்படியின் மேல்தலையையோ பார்த்துக்கொண்டு நிற்பது, போன் ஸ்பீக்கரில். 911இல் இருப்பவரிடம் வீட்டு முகவரி, நீங்கள் எந்த அறையில் இருக்கிறீர்கள், என்ன சட்டை போட்டிருக்கிறீர்கள், கையில் துப்பாக்கி இருக்கிறது, எல்லாம் சொல்லுங்கள். “யார் அது? வெளியே போ! போலீசுக்குச் சொல்லிவிட்டோம்!” என்று ஆங்கிலத்தில் வாய்விட்டுக் கத்திப் பழகுங்கள். சிரிப்பு வரும், ஆனாலும் கத்துங்கள், ஏனென்றால் பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறபோது பழகாத வார்த்தை வெளியே வராது. போலீஸ் வந்ததும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையைக் காட்ட வேண்டும், அதையும் பழக வேண்டும். விளக்கு விஷயம், துப்பாக்கியில் ஒன்று மாட்டியிருந்தாலும் கையில் தனியாக ஒரு டார்ச் அவசியம், இல்லாவிட்டால் யாரென்று பார்ப்பதற்காகவே குழலை அவர்மேல் நீட்ட வேண்டியதாகும், அது தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் 9 வயதுப் பிள்ளையாக இருக்கலாம்.

வகுப்பு எங்கே என்றால், அரிசோனாவில் பால்டன் ஊரில் இருக்கிற கன்சைட் 1976இல் ஜெஃப் கூப்பர் தொடங்கியது, இன்று எல்லோரும் சொல்கிற நான்கு பாதுகாப்பு விதிகளும் அவர் வகுத்தவை. எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் குண்டு போட்டதே, அழிக்கச் சம்மதமில்லாத எதன் மேலும் குழல் திரும்பக்கூடாது, குறி இலக்கில் பதியும் வரை விரல் விசைக்கு வெளியே, இலக்கு எது என்றும் அதற்குப் பின்னால் என்ன என்றும் உறுதியாகத் தெரிய வேண்டும். ஓரிகனில் கிளின்ட் ஸ்மித்தின் தண்டர் ராஞ்ச், டாம் கிவன்ஸ் தொடங்கிய ரேஞ்ச்மாஸ்டர் எல்லாம் பெயர் பெற்றவை, ரேஞ்ச்மாஸ்டரில் பயிற்சி பெற்றவர்கள் பல மாநிலங்களில் வகுப்பு எடுக்கிறார்கள். டெக்சாஸில் ஆள் பஞ்சமே இல்லை. முதலில் ஒரு இரண்டு நாள் ஷாட்கன் வகுப்பு முடியுங்கள். அதற்கப்புறம், பெயிண்ட் அடையாளம் விடுகிற மார்க்கிங் குண்டோடு மனிதர்களை எதிரே வைத்து நடத்துகிற வகுப்பு. அது பெரும்பாலும் கைத்துப்பாக்கியில்தான் நடக்கும், கவலைப்படாதீர்கள், அங்கே கற்றுக்கொள்வது சுடுவதா வேண்டாமா என்பதை. கதவைத் தட்டுகிற ஆள் குடித்துவிட்டு வீடு மாறி வந்த அண்டை வீட்டுக்காரராக நடிப்பார், கையில் மின்னுவது சாவிக்கொத்தாக இருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் பயிற்சியாளரிடம் கேளுங்கள், யாருக்காவது குண்டு பட்டுவிட்டால் இந்த ரேஞ்சில் என்ன செய்வீர்கள் என்று. ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டுப் போடுவது யார், 911 கூப்பிடுவது யார், பக்கத்து மருத்துவமனை எது என்று தயங்காமல் பதில் வர வேண்டும். ஆட்களை நடிக்க வைத்து நடத்துகிற வகுப்பு என்றால், நிஜத் துப்பாக்கியும் நிஜக் குண்டும் உள்ளே வராமல் எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேளுங்கள், ஒருவரை இன்னொருவர் தடவிச் சோதிக்காத இடத்துக்குப் போகவே வேண்டாம். கேள்வி கேட்டால் கோபப்படுகிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 46.13இன்படி, குண்டு போட்ட துப்பாக்கியை நீங்கள் அலட்சியமாக விட்டு வைத்து, அது 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம். அலமாரியின் மேல்தட்டும் கட்டிலின் அடியும் பூட்டாகாது. நெடுந்துப்பாக்கிக்கு என்று சுவரிலோ அலமாரிக்குள்ளோ திருகி மாட்டுகிற, பொத்தானை அழுத்தினால் உடனே திறக்கிற பெட்டி கிடைக்கிறது, அதை வாங்குங்கள். உள்ளே மேகசின் குழாயில் ஷெல், சேம்பர் காலி. ஷாட்கன்களில் சேஃப்டி பெரும்பாலும் விசையை மட்டும்தான் தடுக்கும், கீழே விழுந்து அதிர்ந்தால் சுடாது என்று அதை நம்ப முடியாது, அதனால்தான் சேம்பரைக் காலியாக வைக்கச் சொல்கிறோம். எப்போது சுட்டால் சட்டம் ஏற்கும் என்பதை அதே தண்டனைச் சட்டத்தின் 9ஆவது அத்தியாயத்தில் போய்ப் படியுங்கள், படித்துவிட்டு ஒரு கிரிமினல் வக்கீலிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசுங்கள்.

வகுப்புக்கு பேர்ட்ஷாட் நிறைய, பக்‌ஷாட் கொஞ்சம், கண்ணாடி, மின்னணு காதுக்கவசம், முதல் நாளே கட்டையைச் சுருக்கிவிட்ட துப்பாக்கி, இவ்வளவும் போதும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நண்பரிடம் கிரீன் கார்டு இருக்கிறது. எச்1பி, எச்4, எஃப்1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது பொதுவாக ஃபெடரல் குற்றம், ரேஞ்சில் வாடகைக்கு வாங்கிச் சுட்டாலும் அதுவே. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு என்று சட்டத்தில் இருக்கிறது, ஆனால் நண்பர் சொன்னார் என்று அதை நம்பி இறங்காமல், குடியேற்ற வக்கீலைக் கேட்டுவிட்டு ரேஞ்ச் பக்கம் போங்கள்.